தரைமேல் நிற்கும் குளம்: ஒரு கொல்லைப்புறத் தொட்டியின் கதை

போன கோடையில் ஒஹாயோவில் இருக்கும் சித்தி பையன் வாட்ஸாப்பில் மூன்று படம் அனுப்பியிருந்தான். மூன்றும் வீட்டுக்குப் பின்னால் வைக்கிற நீச்சல் தொட்டி. ஒன்று வட்டம், ஒன்று நீள்வட்டம், ஒன்று செவ்வகம். "அண்ணா, இதுல எது வாங்கலாம்? நீங்கதான் எதையும் நோண்டிப் பாப்பீங்களே" என்று கேட்டிருந்தான். விலை, அளவு என்று ஆரம்பித்த தேடல் நீதிமன்றத் தீர்ப்பு, கலவரம், தோல் வியாபாரம், மாவு மில் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குறிப்புகளை இங்கே கோத்து வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல் ஏற்பாடு. மண்ணைத் தோண்டி, சிமெண்ட் பூசிக் கட்டுவதை 'குளம்' என்கிறேன். தோண்டாமல், தரைமேலே சுவர் நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் நிரப்புவதை 'தொட்டி' என்கிறேன். இந்தப் பதிவு தொட்டியைப் பற்றியது. ஆனால் குளத்தின் கதை தெரியாமல் தொட்டியின் கதை புரியாது.

எந்தத் தொட்டி வாங்கலாம் என்பதற்கு முன்னால் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. குளிக்கவும் நீந்தவும் ஒரு குடும்பம் ஏன் தன் கொல்லைக்குள்ளேயே தண்ணீரைக் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது? ஊரில் பொதுக் குளம் கிடையாதா? இருந்தது. அதுவும் சாதாரணக் குளங்கள் இல்லை.

ஊர்க் குளங்களின் காலம்

1920களிலும் 30களிலும் அமெரிக்க நகராட்சிகள் பொது நீச்சல் குளம் கட்டுவதில் போட்டி போட்டன. பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது, வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு பணத்தை இறக்கியது. அந்தப் பணத்தில் கட்டியவற்றில் நிறைய நீச்சல் குளங்கள் உண்டு. நியூயார்க்கில் மட்டும் 1936 கோடையில் 11 பெரிய குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. பூங்காத் துறையின் தலைவர் ராபர்ட் மோசஸ், மேயர் லா கார்டியா இருவருக்கும் அது பெரிய பெருமை. குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியா குளத்தில் அதே ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்கான நீச்சல் தேர்வுப் போட்டி நடந்தது.

செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளம் இதைவிடப் பழையது, 1913இல் திறந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறங்கலாம். நாட்டின் மிகப் பெரிய குளங்களில் ஒன்று என்று பெயர். கூலித் தொழிலாளி, குமாஸ்தா, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் ஒரே தண்ணீரில். ஆனால் வெள்ளையர் மட்டும்.

இந்த 'மட்டும்' எப்போது வந்தது? ஜெஃப் வில்ட்சி என்ற வரலாற்று ஆய்வாளர் 2007இல் அமெரிக்க நீச்சல் குளங்களின் சமூக வரலாற்றை ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். அவர் சொல்வது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட மாநில நகரங்களில் கட்டிய முதல் குளங்கள் ஏழைகள் உடம்பு கழுவுவதற்கானவை. அங்கே ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு நாள். நிறத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. 1920களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கலாம் என்று ஆனது. அப்போதுதான் கறுப்பினத்தவர் வரக் கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியது. வெள்ளைக்காரப் பெண்கள் நீச்சல் உடையில் இருக்கிற தண்ணீரில் கறுப்பின ஆண்கள் இறங்குவதா என்ற பயம்தான் காரணம். பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் ஒதுக்கியதைவிடக் குளத்தில் ஒதுக்கியது மூர்க்கமாக இருந்ததற்கும் இதுவே காரணம் என்கிறார். தண்ணீர் உடம்பைத் தொடும், தொட்ட தண்ணீர் அடுத்த உடம்பைத் தொடும். நமக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1949, ஜூன் 21

அன்று செயின்ட் லூயிஸ் நகர நிர்வாகம் ஃபேர்கிரவுண்ட் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டது. கறுப்பினச் சிறுவர்கள் சிலர் போலீஸ் காவலோடு வந்து குளித்தார்கள். வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் அது ஆயிரக்கணக்கில் பெருகி, கண்ணில் பட்ட கறுப்பினத்தவரையெல்லாம் அடிக்கத் தொடங்கியது. மேயர் உடனே உத்தரவைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டு, எல்லாரையும் விட்டே ஆக வேண்டும் என்றது. விட்டார்கள். வெள்ளையர் வருவதை நிறுத்திவிட்டார்கள். 1948இல் 3 லட்சத்தைத் தாண்டியிருந்த வருகைக் கணக்கு சின்னத் துண்டாகச் சுருங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குளத்தையே மூடிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மகாட் நினைவுக்கு வந்தது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். பிறகு ஊர்ச் சனாதனிகள் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். குளம் எல்லாருக்கும் பொது என்று முன்பு தானே போட்ட தீர்மானத்தை நகராட்சி அதே ஆண்டு ரத்து செய்தது. இரண்டு நாடு, இரண்டு காலம். தீர்மானத்தைப் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்ததும் பின்வாங்கிய நிர்வாகங்கள் மட்டும் ஒரே மாதிரி.

தென் மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரம் 1959இல் தன் பூங்காக்கள் அத்தனையையும் மூடியது. ஓக் பூங்காவின் குளத்தை மண் போட்டு மூடினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பூங்கா திறந்தது, குளம் திரும்பி வரவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் 5 பொதுக் குளங்கள். 4 வெள்ளையருக்கு, 1 கறுப்பினத்தவருக்கு. பிரித்து வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும் நகராட்சி அந்தக் குளங்களை நடத்துவதையே விட்டுவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1971இல் தீர்ப்பு வந்தது. 5க்கு 4 என்ற கணக்கில் நகராட்சி பக்கம். எல்லாருக்கும் சேர்த்துத்தானே மூடியிருக்கிறார்கள், இதில் பாகுபாடு எங்கே என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம் என்று ஒரு நகராட்சி முடிவு செய்யலாம், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்று ஆகிவிட்டது.

தண்ணீர் கொல்லைக்குப் போனது

சரி, பொதுக் குளத்துக்கு வராமல் நின்ற மக்கள் கோடையில் என்ன செய்தார்கள்? வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானே.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் பெருங்கூட்டம் நகர்ந்தது. 1947இல் லாங் ஐலண்டில் தொடங்கிய லெவிட்டவுன் அதன் அடையாளம். 17,000க்கு மேற்பட்ட ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் புல், பின்னால் கொல்லை. ஆரம்ப ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். அந்த ஊரில் 9 நீச்சல் குளங்களும் கட்டிக் கொடுத்தார்கள். யார் குடியிருக்கலாம் என்று முடிவாகிவிட்டால், யார் குளிக்கலாம் என்று தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை.

புறநகர் முழுவதும் சந்தா கட்டிச் சேரும் நீச்சல் கிளப்புகள் முளைத்தன. மேரிலாந்தின் வீட்டன் பகுதியில் அப்படி ஒரு கிளப். சுற்று வட்டாரத்தில் முக்கால் மைலுக்குள் வீடு இருந்தால் உறுப்பினராக முன்னுரிமை. 1968இல் அந்த வட்டாரத்தில் வீடு வாங்கிய ஒரு கறுப்பினத் தம்பதி விண்ணப்பம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. 1973இல் உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்று ஒரே குரலில் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1969 மே மாதம், பிரெட் ராஜர்ஸ் தன் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் ஒரு காரியம் செய்தார். வெயிலில் கொல்லையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டுக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போலீஸ்காரராக நடித்த கறுப்பினப் பாடகர் பிரான்சுவா கிளெமன்ஸ் அந்தப் பக்கமாக வந்தார். நீங்களும் காலை வையுங்கள் என்று ராஜர்ஸ் கூப்பிட்டார். இருவர் பாதமும் ஒரே தண்ணீரில். கிளெமன்ஸ் கிளம்பும்போது இருவரும் ஒரே துண்டில் துடைத்துக்கொண்டார்கள். வசனமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பார்த்த பெரியவர்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

கிளப்பைத் தாண்டினால் சொந்தக் குளம். 1950இல் அமெரிக்காவில் வீட்டோடு தோண்டிக் கட்டிய குளம் வைத்திருந்த குடும்பங்கள் சுமார் 2,500தான் என்கிறார் வில்ட்சி. அதே கணக்கு 1999இல் 40 லட்சம். சினிமா நட்சத்திரம் வைத்துக்கொள்கிற பொருள் அரை நூற்றாண்டில் டாக்டர், வக்கீல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் தோண்டிக் கட்ட காண்டிராக்டர் வேண்டும், பொக்லைன் வேண்டும், கடன் வேண்டும். தொழிற்சாலையில் மணிக்கூலி வாங்குகிறவருக்கு அது எட்டாது. அவருக்காக வந்ததுதான் தொட்டி. கடையில் அட்டைப்பெட்டியில் வாங்கி, மச்சானையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, ஒரு சனி ஞாயிறில் நிறுத்திவிடலாம். வீடு மாறினால் கழற்றிச் சுருட்டி எடுத்துப் போகலாம்.

தொட்டி வாங்கியவர்கள் எல்லாம் இனவெறியில் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கூடியது, கொல்லை கிடைத்தது, பிளாஸ்டிக் மலிந்தது, பிள்ளைகள் கேட்டார்கள். இதுவே போதுமான காரணம். கிளப்பில் கதவடைத்த ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கும், யாரிடமும் அனுமதி கேட்காமல் பிள்ளைகளை இறக்கிவிட ஒரே வழி சொந்தத் தொட்டியாக இருந்திருக்கலாம். ஆனால் ஊர்க் குளம் நன்றாக நடந்துகொண்டிருந்தால் இத்தனை லட்சம் தொட்டி விற்றிருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

தோல் கடையும் மாவு மில்லும்

தொட்டியைச் செய்தவர்கள் யார் என்று தேடினால் கட்டட ஆட்கள் யாரையும் காணோம். எல்லாம் வேறு வியாபாரத்திலிருந்து வந்தவர்கள். விஸ்கான்சின் மாநிலத்து நியூ ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில் மாவும் கால்நடைத் தீவனமும் அரைத்துக்கொண்டிருந்த டோபாய் கம்பெனி பிளாஸ்டிக்கில் இறங்கி, காற்றடைத்த பொம்மைகளிலிருந்து தொட்டிக்கு வந்தது. அந்தப் பெயரில் தொட்டிகள் இன்றும் விற்கின்றன.

இன்னொரு கதை இதைவிட ருசி. 1932இல் மாரிஸ் கிரீன்பர்க் என்ற ரஷ்ய வம்சாவளிக்காரர் கனெக்டிகட்டில் 'கனெக்டிகட் லெதர் கம்பெனி' என்று ஒன்று தொடங்கினார். செருப்பு ரிப்பேர் கடைகளுக்குத் தோல் சப்ளை செய்வது வேலை. 50களில் சிறுவர்கள் தாங்களே தைத்துப் பார்க்கும் தோல் பெட்டிகள் விற்றார்கள். பிறகு மகன் லியோனார்டு பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சில் படிய வைக்கும் முறையைப் பிடித்தார். அதில் குழந்தைகள் காலை நனைக்கும் சின்னத் தொட்டிகள் செய்தார்கள். 1961இல் தோல் வியாபாரத்தையே விற்றுவிட்டார்கள். 60களின் முடிவில் தரைமேல் நிற்கும் நீச்சல் தொட்டி செய்வதில் உலகத்திலேயே பெரிய கம்பெனி அதுதான்.

பெயரைச் சுருக்கிச் சொன்னால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்: கோலிகோ. ஆமாம், 1982இல் கோலிகோவிஷன் வீடியோ கேம் விட்ட அதே கோலிகோ. கேபேஜ் பேட்ச் பொம்மைக்காக 1983 கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் ஜனங்கள் அடித்துக்கொண்டார்களே, அந்தப் பொம்மையும் இவர்களுடையதே. 1988இல் திவாலானது. பொம்மைக் கம்பெனிக்கு விற்பனையெல்லாம் கிறிஸ்துமஸில். தொட்டி கோடையில் விற்கும். ஆண்டு முழுவதும் ஆலை ஓட இரண்டும் வேண்டும். தொட்டியை அவர்கள் பார்த்தது கட்டடமாக அல்ல, பெரிய சைஸ் பொம்மையாக. இந்தப் பார்வை பின்னால் நீதிமன்றத்தில் வந்து நிற்கப்போகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு விரிப்பு. 1926இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், விறைப்பாக இருந்த பி.வி.சி.யை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டார். அந்த வினைல்தான் மழைக்கோட்டாகவும் மேஜை விரிப்பாகவும் போய், கடைசியில் தொட்டிக்குள் விரிப்பாக வந்தது. அரை மில்லிமீட்டர் கனம்தான். தண்ணீரைப் பிடித்து வைக்கிறது அது. தண்ணீரின் தள்ளலைத் தாங்குகிறது வெளியே இருக்கும் மெல்லிய தகரச் சுவர்.

ஏன் வட்டம்?

சித்தி பையனுக்கு நான் முதலில் சொன்ன பதில் 'வட்டம்'. ஏன்னு கேட்டான்.

24 அடி விட்டம், 4 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ரொம்ப சகஜமான அளவு இது. கணக்குப் போட்டால் சுமார் 50,000 லிட்டர். நம்ம ஊர் 12,000 லிட்டர் தண்ணி லாரி நாலு. எடை 50 டன். அதை நிறுத்தி வைப்பது சட்டைக் காலர் மாதிரிச் சுருட்டி வந்த ஒரு தகடு. எப்படி முடிகிறது?

பீப்பாயைப் பாருங்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டாவைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றிய பட்டை உள்ளிருந்து வரும் தள்ளலைத் தன் நீளவாக்கில் இழுப்பாக மாற்றிக்கொள்கிறது. தகடு வளைவதற்குத்தான் பலவீனம், இழுப்புக்குப் பலசாலி. மேலே சொன்ன தொட்டியில் அடிப்பக்கம் ஒரு அங்குல அகலப் பட்டைக்கு வருகிற இழுப்பு சுமார் 110 கிலோ. மெல்லிய எஃகுத் தகடு இதைச் சுலபமாகத் தாங்கும். நம்ம உறைகிணறு இதற்கு நேர் எதிர். அங்கே மண் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது, சுட்ட மண் உறை நசுங்காமல் நிற்கிறது. தள்ளல் எந்தப் பக்கம் வந்தாலும் வட்டம்தான் சிக்கனம்.

நீள்வட்டத்தில் இரண்டு நீளப் பக்கமும் கிட்டத்தட்ட நேர்கோடு. அங்கே பட்டை வேலை செய்யாது. சுவர் வெளியே சாயாமல் இருக்க முட்டுக்கால் வேண்டும், அடியில் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பட்டை வேண்டும். அதனால் விலை கூடும், இடமும் கூடத் தேவைப்படும். செவ்வகம் என்றால் சுற்றிலும் கால்கள். ஆகவே கொல்லை குறுகலாக இருந்தால் ஒழிய வட்டமே நல்லது. இன்னொன்று, தரை மட்டம். 24 அடிக்கு 3 அங்குலம் சரிந்தாலும் ஒரு பக்கம் தண்ணீர் 3 அங்குலம் அதிகம் நிற்கும், சுவர் அந்தப் பக்கம் இழுபடும். தொட்டி வாங்கும் பணத்தில் பாதி அக்கறையாவது தரையைச் சமப்படுத்துவதில் காட்ட வேண்டும். தாழ்ந்த இடத்தை மண் கொட்டி உயர்த்தாமல், உயர்ந்த இடத்தை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். கொட்டிய மண் 50 டன்னுக்குக் கீழே உட்கார்ந்துவிடும்.

நாலு அடி

தோண்டிய குளத்தில் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேடு. தொட்டியில் அது பெரும்பாலும் கிடையாது. சுவர் உயரம்தான் ஆழம். தண்ணீர் இடுப்புக்கு மேல், மார்புக்குக் கீழ். தொட்டியின் இரண்டு ஆபத்துகளும் இந்த நாலு அடியில்தான் இருக்கின்றன. பெரியவருக்கு அது போதாத ஆழம். குழந்தைக்கு அது போதாத உயரம்.

முதலாவது. 1974இல் நியூ ஜெர்சியில் 23 வயது இளைஞர் ஒருவர், வேறொருவர் வீட்டுக் கொல்லையில் இருந்த மஸ்கின் கம்பெனித் தொட்டிக்குள் தலைகீழாகக் குதித்தார். நீட்டிய கைகள் அடியில் விரித்திருந்த வினைலில் பட்டு வழுக்கி இரண்டு பக்கமும் விலகின. தலை தரையில் மோதியது. தொட்டியின் வெளிச்சுவரில் 'குதிக்காதே' என்று அரை அங்குல எழுத்தில் ஒட்டியிருந்தது. கீழ் நீதிமன்றத்தில் ஜூரிகள் 85 சதவீதத் தவறு அவருடையது, 15 சதவீதம் கம்பெனியுடையது என்று சொல்ல, நஷ்டஈடு கிடைக்கவில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போய் 1983இல் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. தரைமேல் நிற்கும் தொட்டிகளில் வினைலைத் தவிர வேறு விரிப்பு போட்டதாகத் தனக்குத் தெரியாது என்று இளைஞர் தரப்பு நிபுணரே ஒப்புக்கொண்டார். வேறு வழியே இல்லாத பொருளைக் குறையுள்ளது என்று சொல்ல முடியுமா? முடியும் என்றது நீதிமன்றம். ஒரு பொருளின் பயனைவிட அதன் ஆபத்து பெரிதா என்று ஜூரிகள் எடைபோடலாம், மாற்று வடிவம் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது. பெரிய சர்ச்சை. 1987இல் மாநிலச் சட்டமன்றம் பொருள் குறைபாட்டு வழக்குகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

இரண்டாவது. 4 அடிச் சுவரே வேலி மாதிரி, ஏணியை எடுத்துவிட்டால் குழந்தை ஏற முடியாது என்பது தொட்டிக்காரர்கள் நம்பியிருந்த பாதுகாப்பு. 2025 ஜூலையில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பெஸ்ட்வே, இன்டெக்ஸ், பாலிகுரூப் கம்பெனிகளின் சுமார் 50 லட்சம் தொட்டிகளைத் திரும்ப அழைத்தது. எல்லாம் 48 அங்குலமோ அதற்கு மேலோ உயரமானவை. அவற்றில் நிற்கும் கால்களுக்கு வெளியே சுற்றி ஒரு இறுக்குப் பட்டை ஓடுகிறது. பீப்பாய் வளையம் செய்கிற அதே வேலைதான் அதற்கும். ஆனால் அது குழந்தைக்குக் கால் வைக்கும் படியாக அமைந்துவிட்டது. 2007க்கும் 2022க்கும் இடையில் 22 மாதம் முதல் 3 வயது வரையுள்ள 9 குழந்தைகள் இப்படி ஏறி விழுந்து இறந்ததாகக் கருதப்படுகிறது.

50 டன்னைத் தாங்கும் கணக்கு அந்தப் பட்டையில் சரியாக இருந்தது. வெளியே நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை அந்தக் கணக்கில் இல்லை. இதைப் படித்த அன்றே சித்தி பையனுக்குப் போன் போட்டேன். வாங்குவதற்கு முன் சுவரின் வெளிப்பக்கத்தை ஒரு குழந்தையின் கண்ணால் பார், பிடி, விளிம்பு, பட்டை, பம்ப் எதில் கால் வைக்கலாம் என்று பார், எதுவாயிருந்தாலும் சுற்றித் தனி வேலி போடு என்றேன்.

நீச்சல் யாருக்குத் தெரியும்?

ஊர்க் குளத்தில் தண்ணீரோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கற்றுக்கொடுக்கிறவர் ஒருவர், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவர் ஒருவர். அட்டைப்பெட்டியில் இந்த இருவரும் வருவதில்லை. 1950களில் குளத்தை விட்டுத் தொட்டிக்குப் போனபோது கைவிட்டது இதைத்தான். விலைப்பட்டியலில் இது தெரியாது.

இந்த நஷ்டம் எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. குளத்தை மூடிய ஊர்களில், காசுள்ளவர்கள் கிளப்பிலும் சொந்தக் குளத்திலும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு முதலில் குளத்தில் இடமில்லை, இடம் கிடைத்தபோது குளம் இல்லை. நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விட மாட்டார்கள். அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, நீச்சல் குளத்தில் மூழ்கி இறக்கும் விகிதம் 10 முதல் 14 வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடையே வெள்ளையினப் பிள்ளைகளைவிட 7.6 மடங்கு அதிகம். மாண்ட்கோமரியில் கொட்டிய மண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் நடுவில் நேர்க்கோடு போட முடியாது, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த மண்ணைச் சொல்லாமல் இந்த எண்ணை விளக்கவும் முடியாது.

2020 கோடையில் கொரோனா காரணமாகப் பொதுக் குளங்கள் மூடியே கிடந்தன. பிலடெல்பியா அந்த ஆண்டு தன் குளங்களைத் திறக்கவே இல்லை. அதே கோடையில் தொட்டிகள் கடைக்குக் கடை தீர்ந்துபோய், கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். இந்த முறை காரணம் வேறு, நியாயமானது. ஆனாலும் கொல்லை உள்ளவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது, மாடி அறைகளில் குடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தொட்டி வாங்க நினைக்கிற நண்பர்களுக்கு என் குறிப்பு இவ்வளவுதான். வட்டமாகப் பாருங்கள். தரையை வெட்டிச் சமப்படுத்துங்கள். யாரும் தலைகீழாகக் குதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏணியைத் தினமும் எடுத்து உள்ளே வையுங்கள், வேலி போடுங்கள். தொட்டி வந்த அந்த வாரமே பக்கத்தில் இருக்கும் நகராட்சிக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். அப்படியொரு குளம் பக்கத்தில் இல்லையென்றால், எப்போது, ஏன் இல்லாமல் போனது என்று உள்ளூர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய பேப்பரில் பெரும்பாலும் ஒரு தேதி கிடைக்கும்.

எல்லா இடத்திலும் மூடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1936இல் திறந்த அஸ்டோரியா குளம் இன்றும் இருக்கிறது. கோடையில் திறக்கிறார்கள், கட்டணம் கிடையாது. அந்த 11 குளங்களைப் பற்றியும் அவற்றில் யார் எங்கே குளித்தார்கள் என்பதைப் பற்றியும் தனியாக ஒரு பதிவுக்குக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.